எம்பெடட் மென்பொருள்: முதல் எல்இடியிலிருந்து ஹார்ட்ஃபால்ட் வரை

சாதனங்களுக்குள் இருக்கும் சிறு சிப்புகளுக்கு நிரல் எழுதும் எம்பெடட் துறைக்குள் நுழைபவர்கள் முதலில் கேட்பது "எந்த மொழி படிக்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒரு நாளுக்கு மேல் செலவிட வேண்டாம். எழுதிய நிரல் சிப்புக்குள் போய் நின்றுவிட்டால், எந்த வரியில் நின்றது என்று பார்க்க உங்களிடம் என்ன இருக்கிறது? அதுதான் பெரிய கேள்வி. கணினியில் நிரல் விழுந்தால் திரையில் ஒரு வரியாவது வரும். மைக்ரோகன்ட்ரோலரில், அதாவது ப்ராசஸரும் நினைவகமும் ஒன்றாக உள்ள சிப்பில், எல்இடி எரியாது, அவ்வளவுதான். தப்பு நிரலிலா, கம்பியிலா, ஜம்பரிலா என்று ஊகித்தே வாரக்கணக்கில் தொலைப்பவர்கள் நிறைய. அதனால் ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கரைப் பொருத்தி, அது சிப்போடு பேசுகிறது என்று பார்த்த பிறகே முதல் வரி நிரலுக்குப் போகிறோம்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 'புளூ பில்' என்று அழைக்கப்படும் சிறிய நீலநிற போர்டு. அதிலிருக்கும் சிப் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸின் எஸ்டிஎம்32எஃப்103சி8டி6: ஆர்ம் கார்ட்டெக்ஸ்-எம்3 ப்ராசஸர், உச்ச வேகம் 72 மெகாஹெர்ட்ஸ், நிரல் தங்கும் ஃப்ளாஷ் 64 கேபி, மாறிகள் தங்கும் ரேம் 20 கேபி. பழைய சிப்தான். ஆனால் விலை குறைவு, சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைன் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கும், இதில் வரும் சிக்கல்கள் எல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவருக்கு வந்தவைதான். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் நியூக்ளியோ-எஃப்103ஆர்பி வாங்குங்கள். அதே சிப் குடும்பம், 128 கேபி ஃப்ளாஷ், டீபக்கர் போர்டிலேயே ஒட்டி வருகிறது. அதில் எல்இடி பிஏ5 பின்னில் (ஏ போர்ட்டின் 5ஆம் பின்) இருக்கிறது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

மொழி: சி, வேறு யோசனை வேண்டாம்

1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழிதான் இன்றும் இந்தத் துறையின் பொதுமொழி. சிப் தயாரிப்பாளர் தரும் ஹெடர் கோப்புகள், டிரைவர்கள், ஃப்ரீஆர்டிஓஎஸ், செஃபிர் போன்ற சிறிய இயங்குதளங்கள் எல்லாம் சியில் எழுதப்பட்டவை. வேறு மொழியில் வேலை செய்தாலும் கடைசியில் ஒரு சி ஹெடரைத் திறந்து படிக்கும் நாள் வரும்.

சி++ அதே கம்பைலரில் ஓடும். எக்ஸெப்ஷன் (பிழை கையாளும் வசதி), ஆர்டிடிஐ (ஓடும்போது வகையை அறியும் வசதி) இரண்டையும் அணைத்துவிட்டுப் பயன்படுத்துவது இங்கே வழக்கம். ஆர்டுயினோவில் எழுதுவதும் சி++தான், பலர் அது தெரியாமலேயே எழுதுகிறார்கள். ஆர்டுயினோவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஊனோவின் ஏடிமெகா328பி சிப்பில் சாதாரண 'இன்ட்' 16 பிட், 32767ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும். கார்ட்டெக்ஸ்-எம்மில் அதே 'இன்ட்' 32 பிட். எனவே அகலத்தைப் பெயரிலேயே சொல்லும் 'யுஇன்ட்8_டி', 'இன்ட்32_டி' வகைகளை முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள்.

மைக்ரோபைத்தான் சென்சார்களை வேகமாக முயன்று பார்க்க அருமையானது. ஆனால் அதற்குக் குறைந்தது 256 கேபி ஃப்ளாஷ் தேவை. புளூ பில்லின் 64 கேபியில் அது நுழையாது. அந்த வழி பிடித்திருந்தால் 264 கேபி ரேம் உள்ள ராஸ்பெர்ரி பை பைக்கோ வாங்கி, பூட்செல் பொத்தானை அழுத்தியபடி யுஎஸ்பியில் செருகி, யுஎஃப்2 கோப்பை இழுத்துப் போட்டால் வேலை தொடங்கிவிடும். ரஸ்ட் மொழிக்கு கார்ட்டெக்ஸ்-எம் ஆதரவு நன்றாகவே இருக்கிறது, புரோப்-ஆர்எஸ் என்ற அதன் கருவியும் சிறப்பானது. ஆனால் மொழியும் வன்பொருளும் ஒரே நேரத்தில் புதிதாக இருந்தால், தப்பு எந்தப் பக்கம் என்று தெரியாது. சியில் ஒரு சாதனத்தை முழுதாக முடித்த பிறகு அதற்குப் போங்கள். அசெம்பிளியை எழுதத் தெரிய வேண்டியதில்லை, டீபக்கர் திரையில் காட்டும்போது பத்து வரி படிக்கத் தெரிந்தால் போதும்.

வாங்க வேண்டியவை

புளூ பில் ஒன்றல்ல, இரண்டு. போர்டு செத்ததா, நிரல் செத்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது போர்டை விட நல்ல கருவி இல்லை. எஸ்டி-லிங்க் வி2 டீபக்கர் ஒன்று. 3.3 வோல்ட்டில் வேலை செய்யும் யுஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்று. பிரெட்போர்டு, பெண்-பெண் ஜம்பர் கம்பிகள், மல்டிமீட்டர். பிறகு, முடிந்தால், கம்பியில் ஓடும் 0, 1களைப் பதிந்து காட்டும் 8 சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர். இலவச மென்பொருளான பல்ஸ்வியூ அதோடு வேலை செய்யும்.

டீபக்கரை விட்டுவிட்டு சீரியல் வழியாகவே நிரலை ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், உண்மைதான், ஏற்றலாம். ஆனால் ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்க முடியாது. இந்தப் பட்டியலில் சிக்கனம் செய்யக் கூடாத ஒரே பொருள் டீபக்கர்தான்.

கருவிகளை நிறுவுதல்

உபுண்டு, டெபியன் லினக்ஸில் தொகுப்பு மேலாளரில் நான்கைத் தேடி நிறுவுங்கள்: ஆர்ம் சிப்புக்கான ஜிசிசி கம்பைலர் (பெயரில் 'ஆர்ம்-நன்-ஈஏபிஐ' என்று இருக்கும், அதிலுள்ள 'நன்' இயங்குதளம் இல்லாத சிப்பைக் குறிக்கிறது), அதனுடன் சேர வேண்டிய சி நூலகமான நியூலிப், பல கட்டமைப்புகளுக்குமான ஜிடிபி (நிரலை நிறுத்திப் பார்க்கும் மென்பொருள்), ஓப்பன்ஓசிடி (ஜிடிபியை எஸ்டி-லிங்கோடு இணைப்பது). நியூலிப்பை மறந்தால் 'ஸ்டிடிஇன்ட்' ஹெடரைக் காணோம் என்ற வகைப் பிழை வரும்.

எஸ்டி நிறுவனம் இலவசமாகத் தரும் கியூப்ஐடிஇ இவை அனைத்தையும் ஒரே மூட்டையாகத் தருகிறது, விண்டோஸில் அதுவே எளிது. இரண்டு பொறிகளைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். அது உருவாக்கித் தரும் கோப்பில் 'யூசர் கோட் பிகின்', 'யூசர் கோட் எண்ட்' என்ற குறிப்புகளுக்கு வெளியே நீங்கள் எழுதியதெல்லாம் அடுத்த முறை உருவாக்கும்போது அழிந்துவிடும். மற்றது இன்னும் மோசம்: சிஸ்டம் அமைப்பில் டீபக் என்ற இடத்தை 'சீரியல் வயர்' என்று மாற்றாமல் விட்டால், இந்த எஃப்1 குடும்பத்தில் அது உருவாக்கும் நிரல் டீபக்கர் பின்களையே அணைத்துவிடும். முதல் முறை நிரல் நன்றாக ஏறும். இரண்டாம் முறை சிப் பதிலே சொல்லாது. போர்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மீட்கும் வழி அடுத்த பகுதியில்.

கம்பிகளும் முதல் சோதனையும்

1. பூட்0, பூட்1 ஜம்பர்கள் இரண்டையும் 0 பக்கம் வையுங்கள். பூட்0 1இல் இருந்தால் சிப் உங்கள் நிரலை விட்டுவிட்டு உள்ளே பதிந்துள்ள பூட்லோடரை (சீரியல் வழியாக நிரல் ஏற்றும் சிறு நிரல்) ஓட்டும்.
2. போர்டின் முனையில் உள்ள நான்கு பின்களை எஸ்டி-லிங்கோடு இணையுங்கள்: 3.3, தரை, டேட்டா (பிஏ13), கிளாக் (பிஏ14). மலிவான எஸ்டி-லிங்க் குச்சிகளில் பின் வரிசை ஒன்றுக்கொன்று மாறும். இணையத்தில் உள்ள படத்தை நம்பாமல், கையில் உள்ள உறையில் அச்சிட்டதைப் பாருங்கள்.
3. போர்டின் யுஎஸ்பியையும் எஸ்டி-லிங்கின் 3.3 வோல்ட்டையும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டாம். மின்சாரம் ஒரு வழியில் வந்தால் போதும்.
4. ஓப்பன்ஓசிடியை எஸ்டி-லிங்க் இடைமுகக் கோப்பு, எஸ்டிஎம்32எஃப்1எக்ஸ் இலக்குக் கோப்பு இரண்டோடும் ஓட்டுங்கள். 3333ஆம் போர்ட்டில் ஜிடிபிக்குக் காத்திருப்பதாகச் சொன்னால் இணைப்பு சரி.

"எதிர்பாராத ஐடிகோடு" (சிப்பின் அடையாள எண்) என்று வந்து 2பிஏ01477 என்ற எண்ணைக் காட்டுகிறதா? அசல் சிப்பின் எண் 1பிஏ01477. உங்களிடம் இருப்பது வேறு நிறுவனம் செய்த ஒத்த சிப். பெரும்பாலான பயிற்சிகளுக்கு அது போதும். இலக்குக் கோப்பை ஏற்றும் முன் 'சிபியுடேப்ஐடி' மாறியில் அந்த எண்ணைக் கொடுத்தால் ஓப்பன்ஓசிடி ஏற்றுக்கொள்ளும். ஆனால் கியூப்ஐடிஇயின் டீபக்கர் இத்தகைய சிப்புகளோடு இணைய மறுக்கும்.

பதிலே இல்லாத சிப்பை மீட்க: பூட்0 ஜம்பரை 1க்கு மாற்றி, ரீசெட் பொத்தானை அழுத்தி விடுங்கள். இப்போது உங்கள் நிரல் ஓடாது, டீபக்கர் பின்கள் உயிரோடு இருக்கும். ஃப்ளாஷ் முழுவதையும் அழித்துவிட்டு ஜம்பரை 0க்கு மாற்றுங்கள். ஜம்பரைத் தொடாமலும் செய்யலாம்: ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி இணைப்புக் கட்டளையைக் கொடுத்து, உடனே கையை எடுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை முயல வேண்டிவரும்.

மெயினுக்கு முன்னால் நடப்பது

உங்கள் நிரல் தொடங்கும் 'மெயின்' ஃபங்ஷனுக்கு முன் சிப்பில் நடப்பதைப் பெரும்பாலான பாடங்கள் தாண்டிப்போகின்றன. ஐடிஇயில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் நடந்துவிடுவதால் யாரும் பார்ப்பதில்லை. பிறகு வரும் புரியாத பிழைகளில் பாதி இங்கிருந்துதான் வருகின்றன.

சிப் விழித்ததும் முகவரி 0இலிருந்து இரண்டு 32 பிட் சொற்களைப் படிக்கும். பூட்0 0இல் இருந்தால் அந்த இடத்தில் தெரிவது ஃப்ளாஷின் தொடக்கம், அதாவது ஹெக்ஸ் (16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) 08000000. முதல் சொல், ஃபங்ஷன்கள் தற்காலிக மதிப்புகளை வைக்கும் ஸ்டாக்கின் உச்சி. 20 கேபி ரேம் ஹெக்ஸ் 20000000இல் தொடங்குவதால் அந்த மதிப்பு 20005000. இரண்டாவது சொல், சிப் முதலில் ஓட்டும் ஃபங்ஷனான ரீசெட் ஹேண்ட்லரின் முகவரி. அது ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும், ஏனென்றால் கடைசி பிட் இந்த ப்ராசஸரின் கட்டளை வடிவமான தம்ப் முறையைக் குறிக்கிறது. கம்பைலர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். அசெம்பிளியில் ஸ்டார்ட்அப் கோப்பு எழுதி, அந்த லேபிள் ஒரு ஃபங்ஷன் என்று அறிவிக்க மறந்தால் எண் இரட்டைப்படையாகி, முதல் கட்டளையிலேயே ஃபால்ட் (ப்ராசஸர் கண்டுபிடிக்கும் பிழை) விழும்.

ரீசெட் ஹேண்ட்லர் செய்ய வேண்டியது இரண்டு வேலை. தொடக்க மதிப்புள்ள மாறிகளை ஃப்ளாஷிலிருந்து ரேமுக்கு நகலெடுப்பது. மற்ற குளோபல் மாறிகள் இருக்கும் பகுதியைப் பூஜ்யமாக்குவது. அதன் பிறகே மெயின். எந்தப் பகுதி எங்கே போகும் என்பதை, கம்பைலான துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் லிங்கருக்கான ஸ்கிரிப்ட் சொல்கிறது. பெரிய சிப்புக்கான ஸ்கிரிப்ட்டை அப்படியே நகலெடுத்து வந்து, ஸ்டாக்கின் உச்சி 20 கேபிக்கு அப்பால் இருந்தால், கம்பைலரும் லிங்கரும் ஒன்றும் சொல்லாது, சிப் மட்டும் ஓடாது.

கம்பைல் செய்யும்போது ப்ராசஸர் கார்ட்டெக்ஸ்-எம்3 என்றும் தம்ப் முறை என்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனிப் பிரிவில் வைத்து, பயன்படாததை லிங்கர் நீக்கும்படி செய்யும் தேர்வுகளையும் சேருங்கள். டீபக் செய்யும் காலத்தில் 'ஓ-ஜி' நிலை ஆப்டிமைசேஷன் நல்லது. முடிவில் 'சைஸ்' கருவியை ஓட்டினால் டெக்ஸ்ட் (நிரல்), டேட்டா (தொடக்க மதிப்புள்ள மாறிகள்), பிஎஸ்எஸ் (பூஜ்யமாகும் மாறிகள்) என மூன்று எண்கள் வரும். முதல் இரண்டின் கூட்டல் ஃப்ளாஷ் செலவு. கடைசி இரண்டின் கூட்டல் ரேம் செலவு, ஸ்டாக் அதில் சேராது. டேட்டாவும் பிஎஸ்எஸ்ஸும் சேர்ந்து 19 கேபியைத் தொட்டால் ஸ்டாக்குக்கு மிஞ்சுவது 1 கேபி. ஸ்டாக் கீழ்நோக்கி வளர்ந்து மாறிகள் மேல் எழுதத் தொடங்கும்.

எல்இடி

புளூ பில்லில் எல்இடி பிசி13 பின்னில் இருக்கிறது. மறுமுனை 3.3 வோல்ட்டில் இருப்பதால் பின் 0 ஆனால் எரியும், 1 ஆனால் அணையும். நூலகம் எதுவும் இல்லாமல் மூன்று ரெஜிஸ்டர்களில் (வன்பொருளைக் கட்டுப்படுத்தும் முகவரிகள்) இதைச் செய்யலாம். முதல் முறை அப்படியே செய்யுங்கள். ஆர்எம்0008 என்ற ரெஃபரன்ஸ் மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சரிபாருங்கள்.

முதலில் சி போர்ட்டுக்கு கிளாக்: ஹெக்ஸ் 40021018 முகவரியில் 4ஆம் பிட்டை 1 ஆக்குங்கள். அடுத்து பின்னை அவுட்புட் ஆக்க, 40011004 முகவரியில் 20 முதல் 23 வரையான நான்கு பிட்களில் 2 என்று எழுதுங்கள். முன்பு 44444444 ஆக இருந்த ரெஜிஸ்டர் 44244444 ஆகும். பிறகு 40011010 முகவரியில் 29ஆம் பிட்டை எழுதினால் எரியும், 13ஆம் பிட்டை எழுதினால் அணையும். இந்த ரெஜிஸ்டரில் மட்டும் பழைய மதிப்பைப் படித்து மாற்ற வேண்டியதில்லை, நேராக எழுதலாம்.

எரியவில்லை என்றால் முதல் சந்தேகம் கிளாக். கிளாக் கொடுக்காத போர்ட்டில் எழுதுவதை சிப் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், பிழை எதுவும் வராது. டீபக்கரில் 40011004ஐப் படித்துப் பாருங்கள்: பூஜ்யம் வந்தால் கிளாக் இல்லை. எரிந்தபடியே இருந்து சிமிட்டவில்லையா? காத்திருப்பதற்காக எழுதிய வெற்று லூப்பைக் கம்பைலர் தேவையற்றது என்று தூக்கியிருக்கும். எண்ணும் மாறியை 'வாலட்டைல்' ஆக்குங்கள், அதன் படிப்பையும் எழுத்தையும் கம்பைலர் நீக்காது. லூப்பை விட சிஸ்டிக் டைமர் மேல்: ரீசெட்டுக்குப் பின் சிப் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, ப்ராசஸர் கிளாக்கைத் தேர்ந்தெடுத்து ரீலோட் மதிப்பை 7999 ஆக்கினால் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு இன்டரப்ட், அதாவது ஓடும் நிரலை இடைநிறுத்தி ஹேண்ட்லர் என்ற தனி ஃபங்ஷனை ஓட்டும் அழைப்பு. பிசி13 பின்னால் 3 மில்லிஆம்பியருக்கு மேல் தாங்க முடியாது, வெளியே ரிலே, மோட்டார் எதையும் அதில் மாட்ட வேண்டாம்.

சீரியல்: குப்பை எழுத்துகள் ஏன் வருகின்றன

முதல் சீரியல் போர்ட்டில் பிஏ9 அனுப்பும் பின், பிஏ10 வாங்கும் பின். மாற்றியின் ஆர்எக்ஸ் பிஏ9க்கும், டிஎக்ஸ் பிஏ10க்கும் போக வேண்டும். தரைக் கம்பியை மறக்க வேண்டாம். 115200 வேகத்துக்கு 8 மெகாஹெர்ட்ஸில் வகுக்கும் எண் 69. உண்மையில் கிடைக்கும் வேகம் 115942, பிழை 0.64 சதவீதம், பரவாயில்லை. பிறகு கிளாக்கை 72க்கு உயர்த்திவிட்டு இதை மாற்ற மறந்தால் திரையில் குப்பைதான் வரும். 72 மெகாஹெர்ட்ஸில் அந்த எண் 625. இரண்டாம், மூன்றாம் சீரியல் போர்ட்டுகள் அதிகபட்சம் 36 மெகாஹெர்ட்ஸ் ஓடும் வேறு பஸ்ஸில் இருக்கின்றன, அவற்றுக்கு அந்தக் கணக்கு பாதி. கிளாக்கை உயர்த்தும் முன் ஃப்ளாஷுக்கு 2 வெய்ட் ஸ்டேட் (படிக்கும்போது காத்திருக்கும் கிளாக் சுழற்சிகள்) கொடுக்கவில்லை என்றால் நிரல் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது.

சியின் அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப் வேண்டுமென்றால் நியூலிப்பின் சிறிய வடிவமான நியூலிப்-நானோவை இணையுங்கள். அதில் தசம எண்கள் அச்சாகாது, வெற்றிடமே வரும். அதற்கெனத் தனி லிங்கர் தேர்வு இருக்கிறது, ஆனால் கார்ட்டெக்ஸ்-எம்3இல் தசமக் கணக்குக்கான வன்பொருளே கிடையாது. 23.4 டிகிரியை 234 என்ற முழு எண்ணாக வைத்துக்கொள்வது சிக்கனம்.

டீபக்கர் வழியாகவே அச்சிடும் செமிஹோஸ்டிங் என்ற வழியும் உண்டு. மேசையில் நன்றாக ஓடிய சாதனம், எஸ்டி-லிங்க்கைக் கழற்றியதும் செத்துப்போனால் அதைத்தான் தேட வேண்டும்: டீபக்கர் இல்லாத நிலையில் அந்தக் கட்டளை ஃபால்ட்டில் முடியும்.

ஹார்ட்ஃபால்ட் வந்தால்

நிரல் உறைந்தால் ரீசெட்டை அழுத்தாதீர்கள். சாட்சி அழிந்துவிடும். ஜிடிபியில் நிறுத்துங்கள். கடும் பிழை வந்ததும் ப்ராசஸர் தாவும் ஹார்ட்ஃபால்ட் ஹேண்ட்லரில் நின்றிருந்தால், ஸ்டாக் பாயின்டரிலிருந்து எட்டுச் சொற்களைப் படியுங்கள். ஆர்0, ஆர்1, ஆர்2, ஆர்3, ஆர்12, எல்ஆர் (திரும்ப வேண்டிய முகவரி), பிசி (கட்டளையின் முகவரி), எக்ஸ்பிஎஸ்ஆர் (ப்ராசஸரின் நிலை) என்ற வரிசையில் இருக்கும். ஏழாவதுதான் விழுந்த இடம். அந்த முகவரி எந்தக் கோப்பில் எந்த வரி என்று ஜிடிபியே சொல்லும். ஹேண்ட்லர் தானே எதையாவது ஸ்டாக்கில் தள்ளியிருந்தால் இந்த எண்ணிக்கை நகரும். ரேம் முகவரிகளுக்கு நடுவே 0800இல் தொடங்கும் இரண்டு எண்களைத் தேடினால் எல்ஆரும் பிசியும் அகப்படும்.

காரணத்தை ஹெக்ஸ் ஈ000ஈடி28 ரெஜிஸ்டர் சொல்லும். 17ஆம் பிட் இருந்தால் பெரும்பாலும் வெற்று ஃபங்ஷன் பாயின்டரை அழைத்திருக்கிறீர்கள். 9ஆம் பிட் என்றால் தப்பான முகவரியைத் தொட்ட கட்டளை அதே இடத்தில் இருக்கிறது. 10ஆம் பிட் என்றால் அந்தத் தப்பு காட்டப்படும் வரிக்குச் சற்று முன்னாலேயே நடந்துவிட்டது, சில வரிகள் மேலே தேடுங்கள்.

இன்டரப்ட்டும் நேரமும்

இன்டரப்ட்டிலும் மெயினிலும் தொடும் மாறி 'வாலட்டைல்' ஆக இல்லாவிட்டால், ஆப்டிமைசேஷன் ஏறியதும் மெயின் அதன் மாற்றத்தைப் பார்க்காது. ஆனால் வாலட்டைல் போட்டால் எல்லாம் பாதுகாப்பு என்று நினைப்பதும் தப்பு. ஒரு எண்ணை ஒன்று கூட்டுவது என்பது படிப்பது, கூட்டுவது, எழுதுவது என மூன்று வேலை, நடுவில் இன்டரப்ட் நுழையலாம். அந்த இடத்தில் சில கட்டளைகளுக்கு மட்டும் இன்டரப்ட்டை அணைத்துவையுங்கள்.

டைமர் இன்டரப்ட் வந்ததைக் காட்டும் கொடி பிட்டை ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே அழியுங்கள். அழிக்காமல் விட்டால் மெயின் ஓடவே ஓடாது. கடைசி வரியில் அழித்தால் அந்த எழுத்து போய்ச் சேரும் முன் ஹேண்ட்லர் முடிந்து, இரண்டாம் முறை நுழையும். எண்ணிக்கை இரட்டிப்பாக வந்தால் இதுவே காரணம்.

மில்லிசெகண்டை 32 பிட்டில் எண்ணினால் 49.7 நாளில் அது பூஜ்யத்துக்குத் திரும்பும். 'இப்போது, தொடக்கமும் ஐநூறும் சேர்ந்ததை விடப் பெரிதா' என்று ஒப்பிடாமல், 'இப்போதிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் ஐநூறுக்கு மேலா' என்று குறியில்லா எண்ணில் கேளுங்கள். திரும்பும் தருணத்திலும் அது சரியாகவே வரும்.

அடுத்து ஐ2சி, பிறகு ஆர்டிஓஎஸ்

இரண்டு கம்பிகளில் பேசும் ஐ2சி சென்சார் பதில் சொல்லாவிட்டால் அந்த இரண்டிலும் 3.3 வோல்ட்டுக்கு 4.7 கிலோஓம் புல்-அப் மின்தடை இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். அடுத்தது முகவரி: எம்பியு6050 அசைவு சென்சாரின் 7 பிட் முகவரி ஹெக்ஸ் 68, எஸ்டி தரும் டிரைவர் நூலகமான எச்ஏஎல் அதை ஒரு பிட் இடம் தள்ளி டி0 என்று எதிர்பார்க்கும். லாஜிக் அனலைசரைக் கம்பியில் மாட்டினால் இரண்டில் எது என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்று நான்கு வேலைகள் வெவ்வேறு வேகத்தில் ஓட வேண்டிய நிலை வந்த பிறகு ஃப்ரீஆர்டிஓஎஸ் பக்கம் போகலாம். அதற்கு முன்னால் ஒரு லூப்பும் ஒரு டைமரும் போதும். அங்கே புதியவர்களை அதிகம் வாட்டுவது முன்னுரிமை எண். கார்ட்டெக்ஸ்-எம்மில் சிறிய எண்ணுக்கே உயர்ந்த முன்னுரிமை, அமைக்காமல் விட்ட இன்டரப்ட்டின் எண் 0, அதாவது மிக உயர்ந்தது. அந்த நிலையில் இருக்கும் ஹேண்ட்லரிலிருந்து, வேலைகளுக்கிடையே தகவல் கடத்தும் க்யூவில் எழுதினால், பெயரில் 'ஃப்ரம்ஐஎஸ்ஆர்' உள்ள சரியான ஃபங்ஷனையே அழைத்திருந்தாலும் கெர்னலின் (ஃப்ரீஆர்டிஓஎஸின் மையப் பகுதி) பட்டியல்கள் சிதையும். இந்த சிப்பில் 0 முதல் 15 வரை 16 நிலைகள். வழக்கமான உதாரண அமைப்பில் எல்லை 5 என்று இருக்கும். கெர்னலை அழைக்கும் இன்டரப்ட்டுகள் எல்லாவற்றுக்கும் 5 அல்லது அதைவிடப் பெரிய எண்ணைக் கொடுங்கள், கூடவே 'கான்ஃபிக்அசர்ட்' சோதனையையும் இயக்கி வையுங்கள். எண் தப்பாக இருந்தால் நிரல் அந்த வரியிலேயே நிற்கும், டீபக்கரில் பார்த்துவிடலாம்.